குடிக்காதவனுக்கு ஒரு டாக்டர் சான்று

கப்பலில் குடிப்பதா வேண்டாமா என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று படிவத்தின் கட்டத்தில் குறி போட எனக்குப் பதினாறு நாள் ஆயிற்று. பதினாறு நாளும் என் டைரியில் இருக்கின்றன. திரும்பப் படித்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வீடு விருதுநகரில். இருபத்திரண்டு வருடமாகக் காலை ஏழு இருபதுக்கு ஆலை கேட்டில் நிற்கிறேன். எம். புதுப்பட்டி வேன் முதலில் வரும். ஏழாயிரம்பண்ணை வேன்கள் இரண்டும் அதன் பின்னால் வரும். இறங்குகிறவர்களின் பையில் தீப்பெட்டி, பீடி, போன் இருக்கிறதா என்று காவலாளி பார்ப்பார். ஆண்களின் வாயில் சாராய வாடை இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். இதற்கென்று ஒரு முறை கருவி வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் அது நின்றுபோனது. என் மூக்கு இன்னும் நிற்கவில்லை. "ஊதுய்யா" என்பேன். ஊதுவார்கள். வாடை இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். கிராம்பு மென்று வருகிறவர், பச்சை வெங்காயம் கடித்து வருகிறவர், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஊதுவதுபோலக் கன்னத்தை மட்டும் உப்புகிறவர் என எல்லோரையும் பார்த்தாயிற்று.

எங்கள் முதலாளி சில வருடத்துக்கு ஒரு முறை வடநாட்டு ஏஜென்ட்டுகளைக் குடும்பத்தோடு எங்காவது அழைத்துப் போவார். இந்த முறை கப்பல். சென்னையில் ஏறி, மூன்று இரவு கடலில் சுற்றி, சென்னையிலேயே இறங்க வேண்டும். கோயில் பொங்கலுக்கு ஆலை லீவு விடுகிற நாட்களில் பயணம். பழைய ஆட்கள் நான்கு பேரும் வரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கணக்கரும் அவருடைய மைத்துனரான ஸ்டோர்க்காரரும் ஒரு அறை. நானும் லோடு மேனேஜரும் ஒரு அறை. லோடு மேனேஜர் என்றால் லாரி பிடித்து, சரக்கு ஏற்றி, ஊர் ஊராக அனுப்புகிறவர். என்னைவிட நான்கு வயது இளையவர். சனிக்கிழமை சாயங்காலம் லாரி ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டு வருவார். அதை நாங்கள் யாரும் பேசுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டிராவல்ஸ்காரர்களின் படிவம் போனில் வந்தது. பெயர், வயது, சைவமா அசைவமா, மது பேக்கேஜ் வேண்டுமா. பேக்கேஜ் எடுத்தால் கப்பலில் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். எல்லாம் முதலாளி செலவு. நான் 'இல்லை' என்று போட்டு அனுப்பினேன். படிவம் திரும்பி வந்தது. ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் மற்றவரும் கட்டாயம் எடுக்க வேண்டுமாம். லோடு மேனேஜர் 'ஆம்' போட்டிருந்தார்.

மறுநாள் அவரே என் அறைக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இல்லைன்னு போட்டுட்டீகளாமே?"

"ஆமா. நான் குடிக்கிறதில்லைல்ல."

"அது ஊருக்கே தெரியும். அழிச்சுட்டு ஆம்னு போடுங்க."

"நீங்க குடிக்கிறதுக்கு நான் எதுக்குய்யா பேக்கேஜ் எடுக்கணும்?"

"ஒருத்தன் வாங்கி ரெண்டு பேரு குடிச்சிருவாகன்னு கப்பல்காரனுக்குப் பயம். அவன் பயமும் நியாயந்தான். நம்மாளுக செய்வாகல்ல?" என்று சிரித்தார். "நீங்க சும்மா எடுத்து வச்சுக்கிடுங்க. உங்க பங்கையும் நானே பாத்துக்கிடுதேன்."

"அதைத்தான அவன் கூடாதுங்கான்?"

"அட, கண்டிஷன்படி கூடாது. கப்பல்ல போய் உக்காந்து உங்கள மாதிரி யாரு கண்டிஷனப் படிக்கப் போறா?"

முடியாது என்றேன். அவர் எழுந்து போகவில்லை. மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு இருந்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் இம்புட்டு வருஷமா நின்னுக்கிட்டே குடிச்சவன். லாரிக்குப் பின்னால, ஊறுகா பாக்கெட்ட வாயில கடிச்சுக்கிட்டு, எவன் வாரான் எவன் போறான்னு பாத்துக்கிட்டு. அந்த நேரம் பாத்து டிரைவர் போன் பண்ணுவான், செக்போஸ்ட்ல மடக்கிட்டாம்பான். ஒருக்கா, ஒரே ஒருக்கா, சேர்ல உக்காந்து, ஒருத்தன் கொண்டாந்து கையில குடுக்க, கடலப் பாத்துக்கிட்டுக் குடிக்கணும். அம்புட்டுத்தான்."

இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அறையை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கணக்கரிடம் கேட்டேன். அவரோ அவருடைய மைத்துனரோ லோடு மேனேஜருடன் தங்கினால் அதே நிபந்தனை அவர்களையும் பிடிக்கும். இருவருமே தொடாதவர்கள். "உங்க தலைவலிய எங்க தலையில ஏத்தாதீக" என்று கணக்கர் சொல்லிவிட்டார். தனி அறை காலி இல்லை. ஏஜென்ட்டுகள் குடும்பத்தோடு வருகிறார்கள். ஆக, லோடு மேனேஜர் குடிக்காமல் வர வேண்டும், இல்லையென்றால் குடிக்கிறவர்கள் பட்டியலில் நான் ஏற வேண்டும்.

பெயரளவில் ஏறினால் என்ன என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு ஏன் முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

வெடிமருந்து கலக்கிற அறையில் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். ஏழாயிரம்பண்ணை வேனில் வருகிறவர். கலவையில் அவரைப்போலக் கை பதமானவர் எங்கள் ஆலையில் இல்லை. மனைவியும் இங்கேதான், திரி வைக்கிற செட்டில், அதாவது கொட்டகையில் வேலை. படிவம் வருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அவரை நான்கு முறை கேட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தேன். நான்காவது முறை அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "நீங்க ஒருக்காகூட வாயில வச்சுப் பாத்ததில்லையாக்கும்? அம்புட்டுச் சுத்தமாக்கும்?" என்றார்.

"வச்சுப் பாத்ததில்ல" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் நான் கேட்டில் நிற்கிறேன் என்று நம்பினேன். எங்கள் சின்ன முதலாளி எந்தப் பட்டியலையும் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். செட் சூப்பர்வைசர்கள், வேன் டிரைவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். டிரைவர்களுக்கு ஆறு மணிக்குத் தெரிந்தது ஏழு மணிக்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். என் பெயருக்கு நேரே 'மது பேக்கேஜ் - ஆம்' என்று வந்த பிறகு, ஐந்தாவது முறை அந்த மனிதர் திரும்பிப் போவாரா? மருந்து அறையில் அவர் மட்டும் இல்லை. கூட இன்னொருவர் இருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். பேக்கேஜை அறையின் பெயரில் எடுக்க முடியுமா, பட்டியலில் பெயர் வராமல் எடுக்க முடியுமா, எடுத்த பிறகு ஒருவர் மட்டும் கப்பலில் ரத்து செய்ய முடியுமா என்று வரிசையாக. போனை எடுத்த பெண் மிகுந்த மரியாதையோடு, "சார், யெஸ்ஸா நோவா சார்?" என்றது. முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினேன். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று பாட்டுப் போட்டுவிட்டது. பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டால் வேறொரு பெண். "சார், யெஸ்ஸா நோவா சார்?"

சின்ன முதலாளி தினமும் கேட்க ஆரம்பித்தார். முப்பது வயதுக்காரர், எதையும் நடந்துகொண்டே முடிக்கிறவர்.

"அண்ணாச்சி, எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டாக. உங்க ரூம் ஒண்ணுதான் பாக்கி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"கண்டிஷனப் படிச்சீகளா தம்பி?"

"அதையெல்லாம் யாரு அண்ணாச்சி படிக்கா?"

படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் மாட்டிக்கொண்டவனும் நான் ஒருவன்தான்.

ஏழாம் நாள் என் மனைவி அந்த நிபந்தனைத் தாள்களைக் கையில் எடுத்தாள். மூன்று பக்கம் அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

"ஏங்க, டாக்டர் லெட்டர் குடுத்தா ரூம்ல ஒருத்தருக்கு மட்டும் ஜூஸ் பேக்கேஜ்னு போட்டிருக்கானே, பாக்கலையா?"

"எங்கன?"

"மூணாம் பக்கம். 'கர்ப்பிணிகளும் நோயாளிகளும்'னு தலைப்பு."

அந்தத் தலைப்பை நான் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத் தாண்டியிருந்தேன்.

"கர்ப்பிணின்னதும் நமக்கில்லைன்னு தாண்டிட்டீக. அடுத்த வார்த்தைல நீங்க இருக்கீகல்ல? சர்க்கரைக்கு எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறீக?" என்றாள். ஏழு நாளாக வீட்டில் என் புலம்பலைக் கேட்டவளுக்கு இந்தச் சிரிப்பைச் சிரிக்க உரிமை உண்டு. ஆனாலும் கொஞ்சம் குறைத்துச் சிரித்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன். எனக்கு வெகுநாளாகப் பார்க்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"போர்மேன் சார், குடிக்கிறவுகளுக்குக் குடிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். குடிக்காதவரு கேட்டு இப்பதான் முதல் தடவை பாக்கேன்."

"இல்லாததை எழுத வேண்டாம் டாக்டர். இருக்கிறத மட்டும் எழுதுங்க."

போன வருடம் எடுத்த ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இருக்கிறவர்கள் பலருக்கும் இருப்பதுபோல எனக்கும் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. அதை வைத்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். இவர் பல வருடமாக என் சிகிச்சையில் இருக்கிறார், ஈரலில் கொழுப்பு படிந்துள்ளது, எந்த வகை மதுவும் இவருக்கு ஆகாது, பயணத்தில் இவருக்கு மது வழங்க வேண்டாம்.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். சிகிச்சையில் இருப்பது உண்மை. ஈரல் உண்மை. மது ஆகாது என்பது உண்மை. வழங்க வேண்டாம் என்பது என் விருப்பமே. நான்கு வரியிலும் ஒரு பொய் இல்லை. திருப்தியோடு வாங்கி வந்தேன். ஒவ்வொரு வரியும் உண்மையா என்று மட்டும் பார்த்தவன், நான்கையும் சேர்த்துப் படிக்கிறவர் என்ன நினைப்பார் என்று பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் மருந்து அறைக்குப் பொறுப்பாக இருப்பவன் நான். தனித்தனியாக ஆபத்தில்லாத பொருட்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை எட்டரைக்கு அதைப் படம் எடுத்துச் சின்ன முதலாளிக்கு அனுப்பினேன். அவர் அதை டிராவல்ஸுக்கு அனுப்ப வேண்டும். நடந்துகொண்டே அனுப்பினார் போலிருக்கிறது. கம்பெனி குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஒன்பது நிமிடத்தில் நான் பார்த்துப் போன் செய்து அழிக்கச் சொன்னேன். அதற்குள் பதினான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள். அட்டைப்பெட்டி செட் சூப்பர்வைசர், 'விரைவில் நலம் பெற வேண்டுகிறேன்' என்று எழுதியிருந்தார். புதுப்பட்டி வேன் டிரைவர், 'தைரியமா இருங்க அண்ணாச்சி, விட்டுட்டா எல்லாம் சரியாயிரும்' என்று எழுதியிருந்தார்.

எதை விட்டுவிட்டால்?

லோடு மேனேஜர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது! எனக்குப் பேக்கேஜ், உங்களுக்கு ஜூஸு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கையை விடாமலே, "ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீகளே? முன்னால எப்பமாச்சும் பழக்கம் இருந்துச்சோ?" என்றார்.

அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னேன். இது டைரியில் இருக்கிறது. சொன்ன சொற்களை எழுதவில்லை.

அடுத்த நாள் கேட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள், சாவு வீட்டில் பார்க்கிறதுபோலப் பார்த்தார்கள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வருகிற வயதான பெண் ஒருவர், முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி கீழாநெல்லியை என் மேசையில் வைத்தார்.

"மோர்ல அரைச்சு வெறும் வயித்துல குடிங்கய்யா. எங்க வீட்டு மனுசனுக்கு ஈரல் போச்சுன்னு மருதை ஆஸ்பத்திரில சொன்னப்ப இதாம் காப்பாத்துச்சு."

"எனக்குக் குடிப் பழக்கம் இல்லைம்மா. இது சர்க்கரையால வந்தது."

"ஆமாய்யா. அவுகளும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக."

அந்த வாரம் மேசையில் நான்கு கட்டு கீழாநெல்லி சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். விளக்க விளக்க அவர்களுக்கு இன்னும் உறுதியானது. குடிக்காதவன் இவ்வளவு விளக்குவானா என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். எதைக் காப்பாற்ற அந்தச் சான்றை வாங்கினேனோ, அது சான்றாலேயே போய்விட்டது. இனி அந்தக் கலவைக்காரர் வாடையோடு வந்து, "நீங்க மட்டும் யோக்கியமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார். நான் என்ன சொல்லி நிறுத்துவது?

அந்த வியாழக்கிழமை அவர் வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே நடை சரியில்லை. வரிசைக்கு வராமல் வேப்பமரத்துக்குக் கீழே தனியாக நின்றார். நான் மற்றவர்களைப் பார்த்து முடிக்கிறவரை நின்றார். பிறகு பக்கத்தில் வந்தார்.

"இன்னைக்கு என்னைய உள்ள விடாதீக அண்ணாச்சி. ராத்திரி குடிச்சிட்டேன். காலைலயும் கொஞ்சம்."

இருபத்திரண்டு வருடத்தில் கேட்டில் இப்படி ஒருவர் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கிராம்பு வாசனைகூட இல்லை.

"எத்தனை நாளாச்சு நீங்க நிறுத்தி?" என்று கேட்டார்.

"நான் குடிச்சதே இல்லைய்யா. சொன்னேன்ல அன்னைக்கு?"

சிரித்தார். கேலியாக இல்லை. "சரி அண்ணாச்சி, சொல்ல வேண்டாம். நான் யார்ட்டயும் சொல்லலை. எங்க வீட்டுக்காரிட்டதான் சொன்னேன், அந்த மனுசனே குடிச்சு, ஈரல் கெட்டு, நிறுத்திட்டு வந்துதான் கேட்ல நிக்காரு, நான் நிறுத்த மாட்டேனான்னு." பிறகு கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. "நிறுத்துனா இது எத்தனாவது நாள்ல நிக்கும்?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். நான் மறைப்பதாக நினைத்து ஏமாற்றத்தோடு போனார்.

அன்று மாலை மறுபடி டாக்டரிடம் போய் எனக்கு வராத நடுக்கத்தைப் பற்றிக் கேட்டேன். திடீரென்று நிறுத்துவது சிலருக்கு ஆபத்து, நேரில் அழைத்து வாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவருடைய மனைவியையும் அழைத்துப் போனேன். டாக்டர் அவருக்கு மருந்து எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணாடிக்கு மேலாகச் சிரித்தார். அவருக்கும் இது வேடிக்கைதான். மருந்து அறையைத் தற்காலிகமாக வேறொருவரிடம் கொடுத்தேன். இவரைக் காகிதக் குழாய் சுற்றுகிற செட்டில் போட்டேன். அங்கே பசையும் காகிதமும்தான், கை நடுங்கினாலும் பாதகமில்லை.

நான் குடித்ததில்லை என்று அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "சரி அண்ணாச்சி" என்றார். நான்காவது முறை சொல்லவில்லை. ஒரு தவறான தகவலை, தவறென்று தெரிந்தே திருத்தாமல் விட்டேன் என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் அவர் புதிய கவலையோடு வந்தார்.

"கப்பல்ல ஊத்திக்கிட்டே இருப்பாகளாம்ல? தண்ணி கேட்டாலும் அதைத்தான் குடுப்பாகளாம். நீங்க போகாதீக அண்ணாச்சி. தாங்காது."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுய்யா."

"அப்படித்தான் நெனைப்போம். கண்ணு முன்னால பாட்டில் இருந்தா கை கேக்காது."

பொங்கல் லீவு. ஊரில் மைக்செட்டும் கிடா வெட்டும் சொந்தக்காரர்களும் கூடி அவரைச் சுற்றி நிற்பார்கள். கேட் இருக்காது, நான் இருக்க மாட்டேன். கவலைப்பட வேண்டியது அவரைப் பற்றி. அவரோ என்னைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு செய்வோம்" என்றார். "நீங்க தொடாம வாங்க. நானும் தொடாம இருக்கேன். லீவு முடிஞ்சு கேட்ல பாப்போம்."

வாழ்நாளில் தொடாத ஒன்றைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். பதினாறாம் நாள், சான்றை ஏற்றுக்கொண்டதாக டிராவல்ஸிலிருந்து பதில் வந்ததும், சின்ன முதலாளியின் முன்னால் உட்கார்ந்து, எங்கள் அறைக்கு மது பேக்கேஜ் 'ஆம்', எனக்கு மட்டும் ஜூஸ் என்று குறி போட்டேன். "இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு நாளு?" என்றார் அவர்.

கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜூஸ் பேக்கேஜில் இருந்த அத்தனையிலும் சர்க்கரை. எனக்கு ஆகக்கூடியது எலுமிச்சை பிழிந்த சோடாவும் பால் சேர்க்காத டீயும்தான். முறைப்படி எடுத்த பேக்கேஜ் என்பதால் நாளைக்கு இரண்டு சோடா குடித்தேன். ஏஜென்ட்டுகளுக்கும் என் ஈரல் செய்தி போயிருந்தது. சோடாவை வாய்க்குக் கொண்டுபோகும் முன் ஒரு பெரியவர் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் தந்தார்.

லோடு மேனேஜர் முதல் நாள் மாலை மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். இவர் எழுந்து நின்று வாங்கிவிட்டார், பழக்கம். பிறகு உட்கார்ந்தார். கடலைப் பார்த்துக்கொண்டு, அரை மணி நேரம் எடுத்து, ஒரே ஒரு கிளாஸ் குடித்தார். கரையைவிட்டு வந்த பிறகு சிக்னல் இல்லை, எந்த டிரைவரும் கூப்பிடவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போனது.

மீதிப் பாதியை அவர் சென்னையில் இறங்கியதும் இரண்டு மடங்காக்கினார். சிக்னல் வந்தவுடன் கம்பெனி குழுவில் ஒரு படம் போட்டார். அவர் கிளாஸைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நான். என் கையில் நீண்ட காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை, விளிம்பில் எலுமிச்சைத் துண்டு, உள்ளே ஒரு சின்னக் காகிதக் குடை. அந்தக் கப்பலில் சோடாவை அப்படித்தான் கொடுத்தார்கள். என் வாய் வேறு, எதற்கோ சிரித்தபடி திறந்திருக்கிறது.

"இதை எதுக்குய்யா போட்டீக?" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி? நீங்க சிரிச்ச படம் வேற கெடையாதே."

விருதுநகர் வரைக்கும் ரயிலில் அவரோடு பேசவில்லை.

லீவு முடிந்து ஆலை திறந்த அன்று ஏழு பத்துக்கே கேட்டுக்குப் போய்விட்டேன். புதுப்பட்டி வேன் வந்தது. பிறகு ஏழாயிரம்பண்ணை வேன்கள். அவர் இரண்டாவது வேனிலிருந்து இறங்கினார். முகம் சவரம் செய்து, கொஞ்சம் இளைத்து இருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றார்.

"ஊதுய்யா" என்றேன்.

அவர் ஊதவில்லை. "படம் பாத்தேன்" என்றார்.

"அது சோடா."

"மொதல்ல நீங்க ஊதுங்க."

காவலாளி ஒரு தூக்குச்சட்டியைத் திறந்த கையோடு நின்றார். கப்பலில் இருந்து இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. நான் அங்கே பீப்பாய் பீப்பாயாகக் குடித்திருந்தாலும் மூன்று நாளில் வாயில் எதுவும் மிஞ்சியிருக்காது. அது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தச் சோதனையால் எதையும் நிரூபிக்க முடியாது என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வரிசையாகக் காரணங்களும் வந்தன. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஊதினேன்.

நான் செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நிதானமாக மோந்தார்.

"டீ வாடதான்" என்றார். பிறகு அவர் ஊதினார். வாடை இல்லை.

"கையக் காட்டு."

காட்டினார். முன்பைவிடக் குறைவு, ஆனால் விரல் நுனியில் இன்னும் இருந்தது.

"குழாய் செட்டுக்குப் போ. இன்னும் ரெண்டு வாரம்."

"இன்னுமா? நம்பிக்கை இல்லையாக்கும்?"

"நம்பிக்கை இருக்கு. நடுக்கமும் இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். திரி செட்டுக்குப் போகிற வழியில் அவருடைய மனைவி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சரக்கு இறக்குகிற இளவட்டம் ஒருவன். வந்து நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், வாயைத் திறக்கவில்லை.

"என்னடா? ஊது."

"நீங்க இன்னும் ஊதலையே அண்ணாச்சி."

"இப்பதானடா ஊதினேன்?"

"அது அவருக்கு."

அவனுக்குப் பின்னால் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. மணி ஏழு நாற்பது. மேசையில் அன்றைக்கும் யாரோ ஒரு கட்டு கீழாநெல்லி வைத்திருந்தார்கள்.

அவனுக்கும் ஊதினேன்.